கணினிக் கேள்வி–பதில்: கிற் சோதனைகளைச் சுருக்கலாமா?

கேள்வி: நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிற் (Git) மென்பொருளின் 'ரி' (t) கோப்புறையில் உள்ள பழைய சோதனை ஸ்கிரிப்ற்றுகளை எளிமையாக்கி, அதையே எனது முதல் பங்களிப்பாக அனுப்ப நினைக்கிறேன். எங்கே கைவைக்கலாம்?
– இறுதியாண்டு மாணவர், திருநெல்வேலி

பதில்: வரிகளைக் குறைக்கும் எண்ணத்தோடு தொடங்க வேண்டாம். முதலில் பைப்பை, அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குள் விடும் '|' குறியைத் தேடுங்கள். மாற்ற வரலாற்றைக் காட்டும் 'கிற் லொக்' தரும் வெளியீட்டை நேரே சொல் தேடும் 'கிரெப்'புக்குள் விட்டிருந்தால், கட்டளைகளை ஓட்டும் ஷெல் கணக்கில் எடுப்பது கடைசியாக நிற்கும் கிரெப்பின் வெளியேறு எண்ணை (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) மட்டுமே. தேடிய சொல்லை அச்சிட்ட பிறகு கிற் நடுவில் விழுந்தாலும் சோதனை 'ஓகே' என்றே வரும். வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதி, && (முன்னது வென்றால் மட்டும் அடுத்தது ஓடும்) போட்டு, அடுத்த வரியில் கிரெப்பை ஓட்டுங்கள். ஒரு வரி இரண்டாகும், ஆகட்டும். $( ) அடைப்புக்குள் கிற்றை வைத்து, ஒப்பிட்டுப் பார்க்கும் 'ரெஸ்ற்' கட்டளைக்குக் கொடுப்பதிலும் இதே ஓட்டைதான்.

வரி எண்ணும் இடங்களையும் பாருங்கள். மக் கணினியில் வரிகளை எண்ணும் 'டபிள்யூசி' கட்டளை எண்ணுக்கு முன்னால் வெற்றிடங்களைச் சேர்ப்பதால், மேற்கோளுக்குள் வைத்து "3" உடன் ஒப்பிட்டால் பொருந்தாது. கிற் சோதனைகளுக்கென்றே உள்ள 'ரெஸ்ற்_லைன்_கவுன்ற்' அந்தத் தொல்லையைத் தீர்க்கும். பிழைத்தால் கோப்பின் உள்ளடக்கத்தையும் காட்டும்.

கிற் தோற்கவேண்டிய இடத்தில் வெற்றி தோல்வியைத் தலைகீழாக்கும் வெறும் '!' இருந்தால், செக்மென்ரேஷன் போல்ற் (நினைவகப் பிழையால் நிரல் நொறுங்குவது) வந்தாலும் சோதனை தேறிவிடும். அங்கே 'ரெஸ்ற்_மஸ்ற்_பெயில்' போடுங்கள். கிரெப் போன்ற வெளிக் கட்டளைகளுக்கு '!' போதும், மாற்றவேண்டாம். கோப்பு இல்லை என்று உறுதிசெய்ய 'ரெஸ்ற்_பாத்_இஸ்_மிஸ்ஸிங்' இருக்கிறது. கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் 'ரெஸ்ற்_பாத்_இஸ்_பைல்' முன்னால் '!' ஒட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை: கோப்பு அங்கே இல்லாமல் எல்லாம் சரியாக நடக்கும்போதே 'கோப்பு இல்லை' என்று முறைப்பாடு அச்சாகும்.

கேள்வி: மாற்றியபின் சரிபார்ப்பது எப்படி?
– அதே வாசகர்

பதில்: அந்த ஸ்கிரிப்ற்றை மட்டும் '-வி -ஐ' (-v -i) சேர்த்து ஓட்டுங்கள். முதல் தோல்வியிலேயே நின்றுவிடும். சோதனை ஓடிய தற்காலிகக் கோப்புறையான 'ட்ராஷ் டிரெக்டரி' அழியாமல் கிடக்கும், உள்ளே போய்ப் பார்க்கலாம். பிறகு, வரவேண்டிய வெளியீட்டை எழுதிவைத்த எதிர்பார்ப்புக் கோப்பில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றுங்கள். அப்போதும் தேறினால் எங்கோ ஒரு && விடுபட்டிருக்கிறது, அல்லது நீங்கள் நினைத்த வரி ஓடவேயில்லை.

பைப் திருத்தத்தையும் ரப் (Tab) இடைவெளித் திருத்தத்தையும் ஒரே கொமிற்றில் (ஒன்றாகப் பதியும் மாற்றத் தொகுப்பு) கலக்காதீர்கள். மீளாய்வு செய்பவர் திருப்பி அனுப்புவார். கொமிற்றின் தலைப்பை 'ரி7001:' என்பதுபோல ஸ்கிரிப்ற்றின் எண்ணோடு தொடங்குங்கள்.