மஜ்ஜையில் லிம்போமா, கூடவே ரத்த அழிவுச் சோகை: இரண்டும் தனித்தனி நோய்களா?

உங்கள் தந்தைக்கு மஜ்ஜையில் லிம்போமா (நிணநீர் அணுக்களின் புற்றுநோய்), கூடவே சிவப்பணுக்கள் அழிவதால் வரும் சோகை; இவை தனித்தனி நோய்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தனித்தனி அல்ல. மஜ்ஜையிலுள்ள லிம்போமா செல்களே உங்கள் தந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) சுரந்துகொண்டிருக்கலாம். ஆறு வாரம் ஸ்டீராய்டு கொடுத்தும் ஹீமோகுளோபின் 7-ஐத் தாண்டவில்லை, குளிரில் விரல் நுனிகள் நீலம் பாய்கின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இது இச்சோகையின் குளிர் வகையோ (எதிர்ப்புரதம் குளிரில் சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொள்ளும் வகை) என்ற ஐயம் எழுகிறது. இவ்வகையில் மஜ்ஜையிலுள்ள சிறு பி செல் (ஒருவகை வெள்ளணு) கூட்டமொன்று ஐஜிஎம் என்ற வகை எதிர்ப்புரதத்தைச் சுரக்கும். நிணநீர்க் கணுக்கள் வீங்காமலே இருக்கலாம், ஸ்டீராய்டும் பெரிதாக எடுபடாது.

சிவப்பணுக்கள் மீது எதிர்ப்புரதமோ அது தூண்டும் புரதமோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனையின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வெறும் ‘பாசிட்டிவ்’ என்ற சொல் போதாது. சி3டி (எதிர்ப்புரதம் தூண்டும் புரதத்தின் துண்டு) பாசிட்டிவ், ஐஜிஜி (இன்னொரு வகை எதிர்ப்புரதம்) நெகட்டிவ் என்றிருந்தால் குளிர் வகையின் பக்கம் சாயும். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் வெப்ப வகை (எதிர்ப்புரதம் உடல் வெப்பநிலையிலேயே தாக்கும் வகை), அதற்கு ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. ரத்த எண்ணிக்கையில் சிவப்பணுக்கள் மிகக் குறைந்து, எம்சிஎச்சி (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினின் அடர்த்தி) மட்டும் நம்ப முடியாத அளவு உயர்ந்திருந்தால், அணுக்கள் குழாயிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். மாதிரியை 37 டிகிரியில் வைத்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். பல ஆய்வகங்கள் கேட்டால்தான் செய்யும்.

அதோடு குளிர் எதிர்ப்புரத அளவு, சீரம் புரத எலக்ட்ரோபோரெசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை) ஆகியவற்றையும் கேளுங்கள். ரெட்டிகுலோசைட் (மஜ்ஜை புதிதாக அனுப்பும் இளம் சிவப்பணு) குறைவாக இருப்பதை மட்டும் வைத்து ரத்த அழிவு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். லிம்போமா இடத்தை அடைத்துக்கொண்ட மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம்.

பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது.