ஒழுகுகிறதா, இடம் மாறுகிறதா?

கேள்வி: என்னிடம் 1983 மாடல் மெர்சிடிஸ் 300 டிடி எஸ்டேட் கார் இருக்கிறது. இரவு நிறுத்தினால் காலையில் பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. பின் சஸ்பென்ஷனுக்கான ஹைட்ராலிக் ஆயிலையும் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு ஸ்ட்ரட்டையும் (பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் உருளைகள்) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள். தாழ்வதும் ஆயில் குறைவதும் தனித்தனிக் கோளாறுகளாக இருக்கலாம்.

உங்கள் வண்டியில் எடையின் பெரும்பகுதியைச் சுருள் ஸ்பிரிங்தான் தாங்குகிறது. மிச்சத்தை ஹைட்ராலிக் ஏற்றுக்கொள்கிறது. அதன் பாகங்கள்: இன்ஜின் ஓட்டும் பம்ப், பின் ஆன்டி ரோல் பாருடன் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) சிறு கம்பியால் இணைந்து உயரத்தைச் சரிசெய்யும் லெவலிங் வால்வு, நைட்ரஜன் அடைத்து குலுக்கலை வாங்கும் இரண்டு அக்குமுலேட்டர்கள், இரண்டு ஸ்ட்ரட்டுகள், எல்லாவற்றுக்கும் ஒரு டேங்க்.

சமதளத்தில், ஆளோ சுமையோ இல்லாமல், இன்ஜின் ஓடும்போது டேங்கின் டிப்ஸ்டிக்கைப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமையோடு பார்த்தால் ஆயில் ஸ்ட்ரட்டுகளுக்குப் போயிருக்கும், அளவு குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் சுமை இறக்கியதும் டேங்க் வழியும். "ஒழுகுகிறது" என்று வரும் புகார்களில் சில இந்த வழிசல்தான்.

மறுநாள் காலை பின்பக்கம் தாழ்ந்திருக்கட்டும். இன்ஜினை ஓட்டி, வண்டி பழைய உயரத்துக்கு வந்ததும் மறுபடி பாருங்கள். அளவு குறையவில்லை என்றால் ஆயில் வெளியே போகவில்லை. லெவலிங் வால்வு உள்ளுக்குள் கசியவிடுகிறது, ஆயில் டேங்குக்கே திரும்புகிறது. ஸ்ட்ரட்டை மாற்றினாலும் காலையில் அதே கதைதான்.

குறைந்திருந்தால் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துவிட்டு, பின்னால் இரண்டு பேரை உட்கார வைத்து இன்ஜினை ஓட்டுங்கள். அடியில் புகுமுன் பாடியை ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்துவது கட்டாயம். லெவலிங் வால்வின் கை (சிறு கம்பி இணையும் நெம்புகோல்) அசைந்தால் வண்டி திடீரென்று இறங்கும். கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள், அட்டைத்துண்டால் தேடுங்கள். உயர் அழுத்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஸ்ட்ரட்டின் ரப்பர் உறையை ஓரத்தில் தூக்கிப் பாருங்கள். தண்டில் மெல்லிய ஈரம் இருப்பது இயல்பு. உறைக்குள் ஆயில் தேங்கிச் சொட்டினால்தான் சீல் போய்விட்டது. வால்வின் கை நுழையும் தண்டு, குழாய்களை இணைக்கும் யூனியன் நட்டுகள், துருப்பிடித்த எஃகுக் குழாய்கள், டேங்குக்குத் திரும்பும் ரப்பர் ஹோஸின் கிளாம்ப் ஆகியவற்றையும் விடாதீர்கள். டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களைச் சுழற்றும் கியர் பெட்டி) பக்கத்திலேயே இருப்பதால் சொட்டை மோந்து பாருங்கள்: கந்தக வாடையடித்தால் அது கியர் ஆயில்.

தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் அளவு மட்டும் இறங்குகிறதா? சந்தேகம் பம்ப் மேல். அதன் தண்டு சீல் தேய்ந்தால் ஆயில் இன்ஜினுக்குள் போகும். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பின்பக்கம் மரப்பலகைபோல் தூக்கிப் போடுகிறது என்றால் அது வேறு: அக்குமுலேட்டரில் வாயு போயிருக்கிறது, அல்லது உள் சவ்வு கிழிந்திருக்கிறது. அதற்கு வெளிக்கசிவு இருக்க வேண்டியதில்லை.

எதைக் கழற்றினாலும் முதலில் வால்வின் பிளீடர் ஸ்குருவில் குழாய் மாட்டி அழுத்தத்தை இறக்குங்கள். ஊற்றுவது மெர்சிடிஸ் சொல்லும் இசட்ஹெச்-எம் ஆயில் மட்டும். பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் ஊதிப்போகும். வேலை முடிந்ததும் இன்ஜின் ஓடும்போது நாலைந்து முறை ஆளை ஏற்றி இறக்கினால் காற்று டேங்கில் குமிழாக வெளியேறிவிடும். பிறகே அளவைச் சரி செய்யுங்கள்.