'முதல் இந்தியர்' மதுரைக்காரரா?

மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர்தான் 'முதல் இந்தியர்' என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு உண்மை, பட்டம்தான் கொஞ்சம் மிகை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு சேகரித்த ரத்த மாதிரிகளில், அந்தக் கிராமத்துக்காரரிடம் எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது. அது இருப்பது ஆண்களிடம் உள்ள ஒய் குரோமோசோம் என்ற மரபணுத் தொகுப்பில். அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் போகும். எப்போதாவது அதில் விழும் எழுத்துப்பிழை போன்ற சிறு மாற்றம், பின்வரும் ஆண்வாரிசுகளிடம் அப்படியே தங்கிவிடும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த அப்படியொரு பிழைதான் எம்130. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அது இருக்கிறது. அதனால் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய மனிதர்கள் நம் கடலோரமாகவே கிழக்கே போயிருக்கலாம் என்ற கருத்துக்கு வலு சேர்ந்தது.

சரி, பட்டத்தில் என்ன தப்பு? இது அப்பாவழியின் ஒரே ஒரு கோடு. அவருடைய அம்மாவழி முன்னோரைப் பற்றி ஒய் எதுவும் சொல்லாது. மேலும், எம்130 மங்கோலியர்களிடமும் பரவலாக உண்டு; இந்தியருக்கே உரிய அடையாளம் அல்ல.