கிருபை: கூலியா, கொடையா?

கே: சீர்திருத்த சபையாராகிய நாங்கள் ‘கிருபை’ என்கிறோம், கத்தோலிக்க நண்பர் ‘அருள்’ என்கிறார். இரண்டும் ஒன்றா?

ப: ஒன்றேதான். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘காரிஸ்’. பழைய வேதாகமம் அதைக் கிருபை என்றது, பொது மொழிபெயர்ப்பு அருள் என்றது. பழைய கத்தோலிக்க ஜெப நூல்களில் ‘இஷ்டப்பிரசாதம்’ என்றும் பார்க்கலாம். இரக்கத்தை மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள். வரவேண்டிய தண்டனை வராமல் போவது இரக்கம். பாத்தியதையே இல்லாத நன்மை கைக்கு வருவது கிருபை. வேதம் எல்லா இடத்திலும் இப்படிக் கோடு கிழிப்பதில்லை, பாடம் நடத்த உதவும், அவ்வளவே.

கே: கிருபையால்தான் இரட்சிப்பு (மீட்பு) என்றால் நற்கிரியை (நற்செயல்) எதற்கு?

ப: எபேசியர் 2-ஆம் அதிகாரத்தை 9-ஆம் வசனத்தோடு மூடிவிடுவதால் வரும் கேள்வி இது. 8, 9, 10 மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்து, வேற்றுமை உருபுகளை மட்டும் கவனியுங்கள். ‘கிருபையினாலே’: இது காரணம். ‘விசுவாசத்தைக்கொண்டு’: இது வாங்கிக்கொள்ளும் கை. ‘கிரியைகளினால் உண்டானதல்ல’: இங்கே ‘ஆல்’ மறுக்கப்படுகிறது. ஆனால் அடுத்த வசனத்திலேயே ‘நற்கிரியைகளைச் செய்கிறதற்கு’ என்று ‘கு’ வருகிறது. கிரியை காரணமல்ல, நோக்கம். ‘கு’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஆல்’ போட்டால் அது கூலிக்கணக்கு. ‘கு’வை அடித்துவிட்டால் மெத்தனம்.

இன்னொரு தவறும் நடக்கிறது. விசுவாசத்தையே காரணமாக்கிவிடுகிறோம். உடனே அதுவும் ஒரு சாதனையாகிவிடுகிறது. “என் விசுவாசம் போதவில்லையோ” என்ற ஓயாத ஏக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வாங்கும் கை சிறிதென்று கொடை குறைவதில்லை.

கே: இலவசமாக மன்னிக்கும் கடவுள், நாம் பிறரை மன்னிக்கவில்லை என்று கோபப்படுவது ஏன்?

ப: மத்தேயு 18-இல் உள்ள உவமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஊழியக்காரன் ராஜாவிடம் பட்ட கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் ஆண்டு ஆகும். அவனோ, ‘பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தீர்க்கிறேன்’ என்கிறான்! கேட்டது தவணை, கிடைத்தது தள்ளுபடி. வெளியே வந்ததும் 100 தெனாரியத்துக்காக உடன் ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிறான். தள்ளுபடி ஆனதை நம்பாதவன்தான் இப்படி வசூலுக்கு அலைவான்.

கே: இதில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையாருக்கும் இன்னும் சண்டைதானா?

ப: 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் தீர்மானம் போட்ட காலத்துச் சண்டை இன்றில்லை. 31.10.1999 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும், சீர்திருத்த சபைகளில் ஒரு பிரிவான லூத்தரன்களின் உலக சம்மேளனமும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியை முன்னிட்டு அல்ல, கிருபையினால் மட்டுமே ஏற்கப்படுகிறோம் என்று. 2006-இல் இன்னொரு பிரிவான மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். வித்தியாசம் அடியோடு போய்விடவில்லை. கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எண்ணப்படுகிறது என்பதை லூத்தரன்கள் முன்னே வைப்பார்கள். உள்ளே பொழியப்படும் அருள் வளரும், சாவான பாவத்தால் (அறிந்தே மனதாரச் செய்யும் கனமான பாவத்தால்) அதை இழக்கவும் நேரும் என்பது கத்தோலிக்கப் போதனை.