பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கே: ப்ளூஸ் என்றாலே எல்லோரும் ராபர்ட் ஜான்சனைச் சொல்கிறார்கள். நீங்கள் ஏன் எப்போதும் ஜெஃபர்சனையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை. அதில் பெயர்பெற்ற கிடார் பாடகரான ஜான்சன் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தது 1936-இல். அதற்கு ஏழு வருடம் முன்பே, கண் தெரியாத கிடார் பாடகரான ஜெஃபர்சன் இறந்துவிட்டார். 1920களின் தொடக்கத்தில் ப்ளூஸ் இசைத்தட்டு என்றால் மேமி ஸ்மித், மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் போன்ற பெண்கள் பியானோவோ வாத்தியக் குழுவோ துணைக்கு வைத்துப் பாடியவைதான் அதிகம். தெருவில் தனியாகக் கிடாரோடு பாடுகிற ஒரு ஆணின் தட்டும் நாடு முழுக்க விற்கும் என்று கம்பெனிக்காரர்களை நம்பவைத்தவர் ஜெஃபர்சன். 1926-இல் வந்த 'லாங் லோன்சம் ப்ளூஸ்' அப்படி விற்றது. அந்த விற்பனையைப் பார்த்த பிறகுதான் கம்பெனிகள் தெற்கத்திய கிடார் பாடகர்களை மும்முரமாகத் தேட ஆரம்பித்தன.

கே: கண் தெரியாதவர் எப்படி ஊர் ஊராகப் போனார்?

டெக்சாஸில் வோர்தம் ஊருக்குப் பக்கத்தில் 1893-இல் பிறந்தவர். இளவயதிலேயே சுற்றுவட்டார ஊர்களின் தெருக்களிலும் விருந்துகளிலும் பாடிச் சம்பாதித்தார். அப்புறம் டாலஸில் டீப் எல்லம் என்ற பகுதி அவருடைய இடமாயிற்று. லெட் பெல்லி என்ற பாடகர் அங்கே அவரோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். பின்னாளில் மின்சார கிடாரில் பெரும் பெயர் எடுத்த டி-போன் வாக்கர், சிறுவனாக இருந்தபோது அவரைக் கைபிடித்துக் கூட்டிப் போனவர். எனக்கு இது வெறும் துணுக்குச் செய்தியாகத் தெரியவில்லை, வாக்கரின் ஒற்றைத் தந்தி வாசிப்பைக் கேட்டால் அந்தத் தெருக்களில் அவன் காதில் விழுந்தது என்ன என்பது புரியும்.

கே: பாட்டைக் கேட்க முடியவில்லை, ஒரே கொரகொரப்பு. நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?

நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி ஒன்று கிடைக்காது. 1926 முதல் 1929 வரை அவருக்கு 43 தட்டுகள் வந்தன, ஒன்றைத் தவிர எல்லாமே பாராமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடு. அதை நடத்தியது விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலி கம்பெனி! மலிவான கலவையில் தட்டு அடித்தார்கள், பதிவின் தரமும் மட்டம். பிறகு கம்பெனி மூடப்பட்டு உலோக அச்சுகளும் பெரும்பாலும் போய்விட்டன. நாம் கேட்பதெல்லாம் யாரோ வீட்டில் தேயத் தேயப் போட்ட தட்டிலிருந்து எடுத்ததுதான். அதே பாராமவுண்ட் 1928-இல் எலுமிச்சை நிற லேபிளில் அவர் படத்தையே போட்டு 'பிறந்தநாள் தட்டு' என்று வெளியிட்டது, அதாவது அவரால் வந்த லாபம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பணத்தில் கொஞ்சமாவது ஒலிப்பதிவுக்குப் போயிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஒரே விதிவிலக்கு, 1927-இல் அட்லாண்டாவில் ஒகே கம்பெனிக்காகப் பதிவானது. அதிலுள்ள 'மேட்ச்பாக்ஸ் ப்ளூஸ்' பாட்டையும் அதே ஆண்டு பாராமவுண்டுக்குப் பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒகே தட்டில் திரை விலகி ஆள் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கே: நான் கிடார் கற்கிறேன். அவரோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தால் தாளம் தப்புகிறது. அவர் தப்பாக வாசிக்கிறாரா?

இல்லை. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தாள அளவு (bar) என்ற ப்ளூஸின் வழக்கமான கணக்கை அவர் கட்டாயமாக வைத்துக்கொள்வதில்லை. ஒரு வரி பாடுவார், குரல் நின்றதும் கிடார் பதில் சொல்லும், அந்தப் பதில் முடிகிறவரை அடுத்த வரி வராது. சில நேரம் தாளத்தில் இரண்டு அடி கூடும், சில நேரம் குறையும். எண்ணுவதை விட்டுவிட்டு மூச்சைப் பின்பற்றுங்கள். 'சீ தட் மை கிரேவ் இஸ் கெப்ட் கிளீன்' பாட்டில் தேவாலய மணியைப் பற்றிப் பாடும் இடம் வரும்போது கனத்த ஒலி தரும் தந்தியைத் தனியாகத் தட்டி மணியை ஒலிக்கவே வைத்துவிடுவார். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள், தாளம் எண்ணிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை எடுக்காதீர்கள்.

கே: பனிப்புயலில் உறைந்து இறந்தார் என்கிறார்களே?

1929 டிசம்பரில் சிகாகோவில் இறந்தார், அது உறுதி. விஷம் வைத்தார்கள், வழிகாட்டி கைவிட்டான் என்றெல்லாம் கதைகள் உண்டு. இறப்புச் சான்றிதழ் இதயநோயைத்தான் சொல்கிறது. பியானோக் கலைஞர் வில்லியம் எஸெல் உடலோடு ரயிலில் டெக்சாஸ் வரை போனார். வோர்தமில் அடக்கம். கல்லறையைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று பாடியவருக்கு 1967 வரை அங்கே அடையாளப் பலகைகூட இல்லை. 1997-இல் வைத்த புதுக் கல்லில் அந்தப் பாட்டின் வரியையே பொறித்திருக்கிறார்கள்.

கே: 'மேட்ச்பாக்ஸ்' பீட்டில்ஸ் பாட்டு இல்லையா?

பீட்டில்ஸ் 1964-இல் பாடியது அமெரிக்க ராக் பாடகர் கார்ல் பெர்கின்ஸின் பாட்டை. பெர்கின்ஸ் பாட்டில் வரும் தீப்பெட்டி வரி ஜெஃபர்சனிடம் முப்பது வருடம் முன்பே இருக்கிறது. பாப் டிலன் 1962-இல் தன் முதல் ஆல்பத்தில் அந்தக் கல்லறைப் பாட்டைப் பாடினார், அதையும் கேட்டுப் பாருங்கள், நன்றாகவே இருக்கும். ஆனால் ஜெஃபர்சனைக் கேட்டுவிட்டு அப்புறம் அங்கே போங்கள்.