ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: தலைப்புக்கு முன்னால் ஆளைத் தேடுங்கள்

கல்லலிலிருந்து தினமும் காரைக்குடிக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கும் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதிய கேள்வி இது. அவருடைய டிபார்ட்மென்ட்டில் கடைசி ஆண்டு டிசைன் ப்ராஜெக்டுக்கு மூன்று வழி கொடுத்திருக்கிறார்கள். சொந்தத் துறையிலேயே ஒரு கைடிடம் சேர்ந்து இரண்டு செமஸ்டரும் செய்யலாம். எலக்ட்ரானிக்ஸ், சிவில் மாணவர்களோடு கலந்து ஒரு பேட்ச்சாக டிசைன் கோர்ஸ் எடுக்கலாம். இல்லையென்றால் எட்டாம் செமஸ்டரை ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப்பாகக் கழிக்கலாம். "கோயம்புத்தூரில் இருக்கும் மாமா இன்டர்ன்ஷிப்தான் வேலை வாங்கித் தரும் என்கிறார். வீட்டில் ஹாஸ்டல் செலவை நினைத்துத் தயங்குகிறார்கள். தோழிகளோ மதுரையில் ப்ராஜெக்ட் சென்டரில் ரெடியாக வாங்கிவிடலாம் என்கிறார்கள். எனக்கு ஆத்தங்குடிக் கல்லை, அதாவது தரையில் பதிக்கிற அந்தக் கலர் சிமென்ட் டைலைத் தானாகவே செய்கிற மெஷின் டிசைன் பண்ண ஆசை. கேட் (CAD, கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது) நன்றாக வரும், கோடிங் சுமார். எதை எடுக்கட்டும் சார்?"

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆறாம் செமஸ்டர் முடியும் முன் யோசிப்பவர்கள் குறைவு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு 10 கிரெடிட், வாரத்துக்கு 20 பீரியட். சாதாரணத் தியரி பேப்பர் ஒன்றுக்கு 3 கிரெடிட்தான். தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் எங்கேயும் இதைவிட எடை கூடிய பாடம் ஒன்று உங்கள் மார்க் ஷீட்டில் இருக்காது. கோர் கம்பெனி, அதாவது உங்கள் துறை வேலையையே தரும் கம்பெனி இன்டர்வியூவில் இதைப் பற்றியும் பேச்சு ஓடும். அதனால் தோழிகள் சேர்கிற இடத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

முதலில் உங்கள் ஆசையையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேள்வியின் விடை அதற்குள்தான் இருக்கிறது.

ஆத்தங்குடிக் கல் செய்வதைக் கிட்டத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு. கரைத்த கலர் சிமென்ட்டை ஒவ்வொரு கட்டத்திலும் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, ஈரத்தை இழுக்க உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, மேலே கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, வெளியே காய்ந்து, கண்ணாடி கழன்று வருகிறது. கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியின் முகத்திலிருந்து வருவது. அழுத்தமும் சூளையும் இல்லாத தொழில். இதை முழுவதும் தானாகச் செய்ய வேண்டுமென்றால் கலர் ஊற்ற ஒன்று, தூவ ஒன்று, நிரப்ப ஒன்று, மட்டம் தட்ட ஒன்று என்று நாலைந்து மெஷின் வேண்டும். நான்கு மாணவர்கள் ஒரு வருடத்தில் அதில் ஒன்றைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாது. கடைசி ரிவ்யூவில் ஒரு கேட் படமும், ஓடாத ஒரு சட்டகமும்தான் மிஞ்சும். அதோடு, கையால் ஊற்றிய பூவுக்காகத்தான் அந்தக் கல்லை வாங்குகிறார்கள். அந்த வேலையைப் பிடுங்குகிற மெஷினைப் பட்டறைக்காரர் கேட்கவே இல்லையே.

அவர் என்ன கேட்கிறார்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு முழு நாள் பட்டறையில் நோட்டோடு உட்காருங்கள். வேலை செய்கிற அண்ணன்மார், அக்காமாரிடம் "எதில் கை வலிக்கிறது, எதில் கல் வீணாகிறது" என்று கேளுங்கள். அங்கே கிடைக்கும் பிரச்சினை சின்னதாக இருக்கும். அதுதான் வேண்டும்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். 8 அங்குலச் சதுரக் கல் 2 சென்டிமீட்டர் கனம் இருந்தால் ஏறக்குறைய 1.8 கிலோ வரும். 20 கல்லை ஒருவர் அடுக்கித் தூக்கினால் 36 கிலோ. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 1991-ல் திருத்திய தூக்குச் சமன்பாட்டில், எல்லாம் வசதியாக இருக்கும்போதே ஒருவர் தூக்க 23 கிலோதான் உச்சவரம்பு. குனிந்து, உடம்பைத் திருப்பித் தொட்டியில் இறக்கும்போது அது இன்னும் குறையும். ஆக, ஒரு தடவைக்கு 12 கல்லுக்கு மேல் கையில் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தள்ளுவண்டியோ இறக்கும் தட்டோ வேண்டும், அதுவும் விளிம்பு உடையாமல் இறக்க வேண்டும். பாருங்கள், எண்ணோடு ஒரு டிசைன் தேவை கிடைத்துவிட்டது. இன்னொன்று: கல்லின் கனம் சமமாக இல்லாவிட்டால் தரையில் பதிக்கிற கொத்தனார் திணறுவார். முப்பது கல்லை எடுத்து, நான்கு மூலை, நான்கு விளிம்பின் நடு என்று எட்டு இடத்தில் வெர்னியரில் அளந்து எழுதுங்கள். அந்த வித்தியாசத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவரும் மட்டச் சட்டம் ஒன்றை டிசைன் செய்தால், செய்வதற்கு முன், செய்த பின் என்று இரண்டு அட்டவணை உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும். அந்த இரண்டு அட்டவணைக்கு எந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் மரியாதை கொடுப்பார்.

இதிலிருந்து என் யோசனை என்னவென்று புரிந்திருக்கும். எந்த வழியை எடுப்பது என்பதை இரண்டு பேரை வைத்து முடிவு செய்யுங்கள்: நீங்கள் செய்வதைப் பயன்படுத்தப் போகிறவர் ஒருவர், வாராவாரம் உங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற கைடு ஒருவர். இருவரும் எந்த வழியில் கிடைக்கிறார்களோ அதுதான் உங்களுக்கான கோர்ஸ். தலைப்பு அதற்குப் பிறகு தானாக அமையும்.

கைடைப் பற்றிக் கூச்சப்படாமல் விசாரியுங்கள். போன வருட சீனியர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும். எத்தனை பேட்ச் எடுக்கிறார்? ரிவ்யூவுக்கு முந்தின நாள் மட்டும் பார்ப்பாரா, வாரம் ஒருமுறை பார்ப்பாரா? சாயங்காலம் வொர்க் ஷாப்பைத் திறந்துவைக்க அவர் பேச்சு எடுபடுமா? பெரிய பெயர் உள்ள பேராசிரியர் எட்டு பேட்ச்சை வைத்துக்கொண்டு நேரமில்லாமல் இருப்பார். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒரே பேட்ச்சோடு உங்கள் ஒவ்வொரு கணக்கையும் திருத்துவார். நான் இரண்டாமவரிடம் அனுப்புவேன்.

மாமா சொல்வதிலும் நியாயம் உண்டு. இன்டர்ன்ஷிப் நன்றாக அமைந்தால் அதற்கு இணை கிடையாது. ஆனால் நன்றாக அமைந்ததா என்று போவதற்கு முன்பே தெரிய வேண்டும். கம்பெனி உங்களுக்கு எழுத்தில் ஒரு பிரச்சினையைக் கொடுக்கிறதா, பொறுப்பாக ஒரு இன்ஜினியரைக் காட்டுகிறதா, ஷாப் ஃப்ளோரில் நிற்க விடுகிறதா, செய்த வேலையை ரிப்போர்ட்டில் எழுத அனுமதிக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் வரைபடத்தையும் அளவையும் வைவாவில் காட்ட முடியாது, அடுத்த இன்டர்வியூவிலும் பேச முடியாது. இந்த நான்குக்கும் பதில் வராத இடத்துக்கு ஹாஸ்டல் பணம் கட்டிப் போக வேண்டாம். ஆறாம் செமஸ்டர் லீவில் நான்கு வாரம் போய்ப் பாருங்கள். மாமா வீட்டில் தங்கினாலே போதும். கம்பெனி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும், செமஸ்டரையும் இழக்க வேண்டியதில்லை.

ப்ராஜெக்ட் சென்டர் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: வாங்காதீர்கள். அது ஏமாற்று வேலை, பிடிபட்டால் தண்டனையும் உண்டு. பிடிபடாவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். "இந்த மோட்டாரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், டார்க் (சுழற்றும் திறன்) எவ்வளவு வேண்டியிருந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி வரும். வாங்கிய பெட்டிக்குள் அதற்குப் பதில் இருக்காது. சொந்தமாகச் செய்து பாதியில் நின்றுபோன ப்ராஜெக்டை வைத்துக்கொண்டு, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று பேசுகிற மாணவிக்கு வேலை கொடுக்க ஆள் இருக்கிறது. நான்கு வருடப் படிப்பில் முழுக்க உங்கள் கையால் ஆகக்கூடிய ஒரே வேலை இதுதான். அதைக் காசு கொடுத்து இன்னொருவரிடம் விடுவது எனக்குத் தாங்காது.

இனி முடிவு. உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி, துறை கலந்த பேட்ச். கேட் உங்கள் கையில் இருக்கிறது. சென்சரும் கோடிங்கும் எலக்ட்ரானிக்ஸ் மாணவர் பார்த்துக்கொள்வார். கலவை, ஊறும் காலம், கல்லின் வலு எல்லாம் சிவில் மாணவருக்குத் தெரிந்த பாடம். கல் பட்டறைப் பிரச்சினைக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டு இல்லை. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் நிரந்தர உறுப்பினரான பிறகு, கல்லூரிப் படிப்புகளின் தரம் பார்க்கும் என்.பி.ஏ. அங்கீகாரத்துக்கு டிசைன், குழு வேலை, செலவுக் கணக்கு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்கிறார்கள். கலந்த பேட்ச்சில் இவை இயல்பாகவே வந்துவிடும். ஒரே நிபந்தனை: இரண்டு துறை கைடுகளில் யார் மார்க் போடுவது, யார் கையெழுத்து என்பது முதல் வாரமே தீர்ந்திருக்க வேண்டும். அது தீராமல் இழுத்தால் யோசிக்காமல் முதல் வழிக்கு வந்துவிடுங்கள்.

பேட்ச்சில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். நெருங்கிய தோழிகள் எல்லாரும் ஒரே பேட்ச்சில் இருந்தால் வேலை செய்யாதவரை யாரும் கேட்க மாட்டீர்கள். ஒரு தாளில் யாருக்கு எந்த வேலை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டு கைடிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

காலக் கணக்கில் ஒன்று உங்கள் ஊருக்கே உரியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காய வெயில் இருக்காது, பட்டறையில் வேலை மந்தமாகும். ஏழாம் செமஸ்டர் ஆரம்பித்த உடனே, ஆடி ஆவணியில் அளவெடுத்து முடித்துவிட்டால் மழைக்காலத்தில் டிசைன், பொங்கலுக்குப் பிறகு ஃபேப்ரிகேஷன் என்று ஓடும். பேரிங், மோட்டார் மாதிரி மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருந்து வர வேண்டியதை டிசம்பரிலேயே ஆர்டர் செய்யுங்கள். லேத் பட்டறைக்காரரிடம் வரைபடத்தைக் காட்டி, "இதைக் கடைய முடியுமா, எவ்வளவு ஆகும்" என்று டிசைன் முடிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அவர் "இந்த மூலைக்கு டூல் போகாதும்மா" என்று சொன்னால் அங்கேயே கேட் ஃபைலைத் திருத்துங்கள்.

பணத்துக்கு, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. கைடும் பிரின்சிபாலும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அறிவிப்பு வரும்போது எழுதிவைத்த ஒரு பக்கப் பிரச்சினை விவரம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கல்லின் கலர் மங்குவது, உப்புப் பூப்பது, அச்சின் உலோகம் அரிப்பது போன்ற பக்கம் உங்கள் வேலை திரும்பினால் வெளியூர் அலைய வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், சிக்ரி, 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. அரிப்பு ஆராய்ச்சி அவர்களுடைய முக்கியத் துறைகளில் ஒன்று. நேரில் போய்க் கேட்பதைவிட, கைடு மூலமாக, என்ன அளக்க வேண்டும், எத்தனை மாதிரி, எந்த மாதத்தில் என்று தெளிவாக எழுதிய கடிதம் ஒன்றை ஏழாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே அனுப்பிவையுங்கள்.