வயிற்றில் இருந்தபோது நான் அழுததால்தான் பையன் இப்படி ஆனானா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. பையனுக்கு ஆறு வயது நான்கு மாதம், இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு இடத்தில் உட்கார மாட்டான். எழுதச் சொன்னால் இரண்டு வரியில் எழுந்துவிடுகிறான். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுகிறான். ‘ஏடிஹெச்டி மாதிரி தெரிகிறது, டாக்டரிடம் காட்டுங்கள்’ என்றார் டீச்சர். 35 வாரத்தில் பிறந்தவன், எடை 2 கிலோ 100 கிராம். அப்போது எனக்கு 19 வயது, ரத்தம் 8தான் இருந்தது. ஒருமுறை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டேன். கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. ராத்திரி பத்தரைக்கு வீடியோ காலில் வருவார், அதுவரை பையன் தூங்க மாட்டான். கர்ப்பமாக இருந்தபோது தனியாக நிறைய அழுதிருக்கிறேன். ‘நீ அழுது அழுதுதான் பிள்ளை இப்படி ஆச்சு’ என்கிறார் மாமியார். போர் தண்ணீர் குடித்ததால்தான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என்னால்தானா டாக்டர்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்களால் இல்லை அம்மா. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால், ‘என்னால்தானோ’ என்று உள்ளுக்குள் புழுங்கும் தாய்க்கு மீதி எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

குறைமாதம், எடை குறைவு, தாய்க்கு ரத்தசோகை என்று நீங்கள் எழுதியதெல்லாம் மருத்துவப் புத்தகங்களில் ஆபத்துக் காரணிகள் என்ற தலைப்பில் இருப்பவைதான். ஆனால் அந்தச் சொல்லைத் தனியாகப் படித்தால் பயம்தான் மிஞ்சும். கணக்கோடு பாருங்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடு, இருக்கிறது. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடமும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களிடமும் இது சுமார் 3 மடங்கு. அப்படியே வைத்துக்கொண்டாலும் 100 பேரில் ஏறக்குறைய 15 பேர். மீதி 85 பேரும் அதே போல இன்குபேட்டரில் கிடந்தவர்கள்தான், அவர்களுக்கு வரவில்லை. உங்கள் பையன் 35 வாரம் தங்கியவன், இரண்டு கிலோவைத் தாண்டியவன். அவனுக்கு அந்த மூன்று மடங்குகூடக் கிடையாது.

இந்தக் குறைபாட்டில் பெரிய பங்கு மரபுக்குத்தான். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்தால், பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் சுமார் 74 சதவீதம் மரபு சார்ந்தது என்று வருகிறது. உங்கள் கணவரோ, உங்கள் தம்பியோ சின்ன வயதில் ‘வாலு’ என்று பெயர் வாங்கியவர்களா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். குத்திக்காட்டச் சொல்லவில்லை, பரிசோதிக்கும் மருத்துவரும் இதைக் கேட்பார்.

பாராசிட்டமால் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் புறநோயாளிப் பிரிவில் இதைக் கேட்டுக் கண் கலங்குபவர்கள் நிறையப் பேர். கர்ப்பத்தில் இந்த மாத்திரை போட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டியது உண்மை. ஆனால் மாத்திரை போட்டவர்கள் ஏன் போட்டார்கள்? காய்ச்சல், தலைவலி, தொற்று. அவர்கள் உடம்பும் குடும்ப மரபும் மற்றவர்களிடமிருந்து ஏற்கெனவே வேறாக இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை எடுத்து, ஒரே தாய்க்குப் பிறந்தவர்களைத் தங்களுக்குள் ஒப்பிட்டார்கள். ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தபோது மாத்திரை போட்டிருக்கிறார், இன்னொரு பிள்ளைக்குப் போடவில்லை. தாய் ஒருவர்தான், வீடும் ஒன்றுதான். அப்படிப் பார்த்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. 2024இல் வந்த ஆய்வு இது. கர்ப்பிணிக்கு வந்த காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதுதான் கெடுதல். நீங்கள் செய்தது சரி.

அழுகைக்கு வருவோம். கர்ப்பத்தில் தாய் கடும் மன அழுத்தத்தில் இருந்தால் பிள்ளையின் மனநிலையிலும் நடத்தையிலும் பிரச்சினைகள் சற்று கூடுதலாகத் தெரிவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் கூடுதல் சிறியது, பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். உறவே இல்லாமல் போவதுதான் ஆழமான காயம். ருமேனியாவில் 1989க்கு முன் அநாதை இல்லங்களில் தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் கிடந்த குழந்தைகளை, பின்னர் இங்கிலாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்தன. அந்த இல்லங்களில் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தவர்களில் பலருக்குக் கவனக் குறைவு பெரியவர்களான பிறகும் தொடர்ந்தது. உங்கள் மகன் அப்படி வளர்ந்தவனா? அழுதுகொண்டே இருந்தாலும் அவனை இடுப்பில் வைத்திருந்தவர் நீங்கள்.

தண்ணீரைப் பற்றி அக்கா சொன்னதில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம், பழுப்புக் கறை படிந்த பற்களை நாம் தெருவில் தினமும் பார்க்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீருக்கும் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதற்கும் தொடர்பு தெரிவதாக அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 அறிக்கையில் சொன்னது. ஏடிஹெச்டியைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒரே மாதிரி பேசவில்லை. மெக்சிகோவில் கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடக்கூடப் பிள்ளைகளிடம் கவனக் குறைவு கூடியது, வேறு சில நாடுகளில் அப்படித் தெரியவில்லை. ஆகவே உங்கள் பையனுக்குக் காரணம் அதுதான் என்று யாராலும் கை காட்ட முடியாது. ஆனாலும் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம்.

சரி, பழையதை விட்டு இப்போதைய பையனைப் பார்ப்போம். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவன் வயது. ஆறு வயது நான்கு மாதத்தில் இரண்டாம் வகுப்பு என்றால் வகுப்பிலேயே கடைக்குட்டிகளில் ஒருவனாக இருப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அவனைவிடப் பத்து மாதம் மூத்தவனாக இருக்கலாம். இந்த வயதில் பத்து மாதம் என்பது மலையளவு வித்தியாசம். செப்டம்பர் 1ஐப் பள்ளிச் சேர்க்கைக் கெடுவாக வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களில், வகுப்பில் இளையவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு, மூத்தவர்களான செப்டம்பர் பிள்ளைகளைவிட 34 சதவீதம் அதிகமாக ஏடிஹெச்டி என்று முத்திரை விழுந்தது 2018இல் தெரியவந்தது. சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக இருந்ததையே நோய் என்று எண்ணியிருக்கிறார்கள். டீச்சர் கவனித்துச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது மருத்துவர். அவரும் ஒரே நாளில் சொல்லிவிட மாட்டார். ஒன்பது அறிகுறிகள் கொண்ட பட்டியலில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதம் தொடர வேண்டும், பள்ளியில் மட்டுமில்லாமல் வீட்டிலும் தெரிய வேண்டும். ‘போன் கொடுத்தால் மட்டும் ஒரு மணி நேரம் அசையாமல் பார்க்கிறானே’ என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நொடிக்கொரு படம் மாறும் திரைக்கு முன் ஏடிஹெச்டி உள்ள பிள்ளையும் உட்காரும்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். வகுப்பில் கவனமே இல்லை, பத்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புகிறான் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள். அவன் மேசையிலிருந்த காந்தத்தோடு விளையாடிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை மெதுவாகக் குலுக்கினேன். அம்மா திரும்பினார், அப்பா திரும்பினார், பையன் திரும்பவில்லை. இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. அதனால்தான் சொல்கிறேன், முதலில் காதும் கண்ணும் பார்க்க வேண்டும். அடுத்து ரத்தம். குழந்தை இரும்புச்சத்தைச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் வயிற்றில் இருக்கும் கடைசி மூன்று மாதத்தில்தான். உங்களுக்கும் ரத்தம் குறைவு, அவனும் சீக்கிரம் வந்துவிட்டான், கையிருப்பு குறைவாக இருந்திருக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் கவனமும் குறையும், எரிச்சலும் வரும், இது சரிசெய்யக்கூடியது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் ரோஸ் மாத்திரையை விழுங்குகிறானா, பைக்குள் போடுகிறானா என்று பாருங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம். குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கம் என்றதும் அந்தப் பத்தரை மணி வீடியோ கால் நினைவுக்கு வருகிறது. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினோரு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் எந்தப் பிள்ளையும் மறுநாள் சிடுசிடுவென்றுதான் இருக்கும். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து உட்காருவோம், பிள்ளைகள் பலர் அதற்கு நேர்மாறாக ஆடித் திரிவார்கள். கணவரிடம் சொல்லி, வேலை முடிந்ததும் ஏழரை எட்டுக்குள் பேசச் சொல்லுங்கள். அப்பா முகம் அவனுக்கு அவசியம் வேண்டும், நேரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கோபம். ஏடிஹெச்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோபத்தை அடக்கும் திறமை பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. அடக்கிக்கொள்ளும் ஒருவரைப் பக்கத்தில் பார்த்துப் பார்த்துத்தான் வரும். ஸ்லேட்டை வீசுகிறான் என்று வையுங்கள். அந்த நிமிடத்தில் புத்திமதி சொன்னால் அவனுக்குக் கேட்காது, அடித்தால் வீச்சு கூடும். ஸ்லேட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவன் உயரத்துக்குக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ‘எழுத்து சரியா வரலைன்னு கோவம் வந்துடுச்சா?’ என்று மட்டும் கேளுங்கள். கோபத்துக்கு ஒரு பெயர் கிடைக்கட்டும். அடங்கிய பிறகு, ‘வீசக் கூடாது, எடுத்துட்டு வா’ என்று ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். எழுத வைக்கும்போது இரண்டு வரிக்கு ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி வரை வந்தால் எழுந்து ஒரு சுற்று ஓடிவரலாம். ஓடிவந்து மறுபடி உட்கார்ந்த உடனே பாராட்டுங்கள். சாயங்காலம் பாராட்டினால் எதற்கென்று அவனுக்குத் தெரியாது. எல்லா நாளும் உங்களால் இப்படிப் பொறுமையாக இருக்க முடியாது, நானும் எதிர்பார்க்கவில்லை. நல்ல தாய்களும் குழந்தைகளும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒருவரோடு ஒருவர் இசைந்து இருப்பதில்லை. விலகிப் போனாலும் திரும்பி வந்து சேர்த்துக்கொள்வதுதான் பிள்ளைக்கு வேண்டியது.

பரிசோதனைக்குப் பின் ஏடிஹெச்டி என்றே உறுதியானாலும் கலங்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, முதிரும் வழி மற்றவர்களுடையதுதான், சுமார் 3 வருடம் பிந்துகிறது என்று 2007இல் ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. மற்றவர்களுக்கு ஏழரை வயதில் வரும் கட்டம் இவர்களுக்குப் பத்தரையில் வருகிறது. பெற்றோருக்கான பயிற்சியும் பள்ளியில் சில மாற்றங்களும் முதலில் செய்யப்படும். ஆறு வயதைத் தாண்டியவன் என்பதால் தேவைப்பட்டால் மாத்திரையும் தரலாம். அது தூங்க வைக்கும் மாத்திரை இல்லை. பசியையும் தூக்கத்தையும் சிலருக்குக் குறைக்கும், அதனால் எடையையும் உயரத்தையும் மருத்துவர் பார்த்துக்கொண்டே வருவார்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், குழந்தைகள் பிரிவில் சொல்லி, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு வழி கேளுங்கள். காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் பார்க்கவென்றே அமைந்தது அது. இப்போதும் இரவில் அழுகை வருகிறதா, தூக்கம் கெடுகிறதா? அப்படியென்றால் அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உங்களையும் காட்டிக்கொள்ளுங்கள், அதுவரை 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். கர்ப்பகால அட்டை, பையனின் எழுத்து நோட்டு, டீச்சரிடம் எழுதி வாங்கிய நாலு வரி, மூன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் சொல்வதை அவரும் தன் காதால் கேட்கட்டும்.